முழங்கால் தேய்மானத்துக்கு எந்தப் பயிற்சி: நடையா, எடையா, நீரா, யோகாவா?

முழங்கால் தேய்மானம் என்று தெரிந்ததும் டாக்டர் சொல்லும் முதல் அறிவுரை "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்பதுதான். அறிவுரை சரியானதுதான். ஆனால் எந்தப் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடச் சந்திப்பில் வருவதில்லை. வெளியே வந்தால் ஆளுக்கொரு யோசனை. நடக்கச் சொல்வார் ஒருவர். நடந்தால் இன்னும் தேயும் என்பார் இன்னொருவர். சைக்கிள்தான் நல்லது, இல்லை நீச்சல்தான் நல்லது என்று பேச்சு நீண்டு, கடைசியில் ஊசி, ஆபரேஷன் வரை போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வகைப் பயிற்சி என்ற கேள்விக்குப் பலர் கொடுக்கும் கவலை, அது பெறவேண்டியதைவிட மிக அதிகம். வகைக்கு வகை பலனில் வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. மூன்று மாதம் விடாமல் செய்தவருக்கும் மூன்றாம் வாரமே விட்டவருக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரியது. அதனால் "எது சிறந்தது" என்று தேடுவதைவிட, "எதை நான் தொடர்ந்து செய்வேன், இன்றைய நிலையில் என் முழங்கால் எதைத் தாங்கும்" என்று கேட்பது புத்திசாலித்தனம். சில நிலைகளில் மட்டும் வகையும் முக்கியமாகிறது. அவை போகப் போக வரும்.

அசைத்தால் இன்னும் தேயாதா?

இந்தப் பயம் தீராமல் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல அது திரவத்தை வாங்கிக்கொள்கிறது. மூட்டு அசையாமல் கிடந்தால் இந்த வரத்து குறைகிறது. வலிக்கிறதே என்று காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே போனால் தொடையின் முன்பக்கத் தசை இளைக்கிறது. இளைத்த தசையால் மூட்டுக்கு வரும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. மூட்டு இன்னும் வலிக்கும், இன்னும் ஓய்வு, இன்னும் இளைப்பு. பலரை நாற்காலியோடு கட்டிப்போடுவது தேய்மானத்தைவிட இந்தச் சுழல்தான் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்து மனம் தளர்வதும் வேண்டாம். படத்தில் தெரியும் தேய்மானமும் ஆள் உணரும் வலியும் பல சமயம் பொருந்தாது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி மிகவும் குறைந்துபோனவர் சாதாரணமாக நடமாடுவார். படம் ஓரளவு நன்றாக இருப்பவர் மாடிப்படியில் தவிப்பார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வயது 45 அல்லது அதற்கு மேல், மூட்டை உபயோகிக்கும்போது வலி, காலையில் இறுக்கம் இல்லை அல்லது அரை மணிக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால், வழக்கமான நிலையில் படமே எடுக்காமல் நோயைக் கணிக்கலாம் என்கிறது. எல்லா நோயாளிக்கும் பயிற்சியைப் பரிந்துரைக்கச் சொல்லும் அதே ஆவணம், தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. இந்த இரண்டாவது செய்தி நோயாளியின் காதுக்கு எட்டாமல் போவதால்தான் பாதிப் பேர் முதல் பத்து நாளிலேயே பயந்து விட்டுவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் 44 சோதனைகளை, சுமார் 3,500 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வலியை 0 முதல் 100 வரை அளந்தால், பயிற்சி முடிந்த கையோடு ஏறத்தாழ 12 புள்ளி குறைந்திருந்தது. அப்புறம் சோதனைகள் பெருகின. 2024 இறுதியில் வந்த புதிய அலசலில் 139 சோதனைகள், 12,000-க்கும் மேற்பட்டவர்கள். இந்த முறை கிடைத்த பலன், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 8 முதல் 13 புள்ளி. நோயாளிக்கு இது கண்கூடான மாற்றமா என்பதில் ஆய்வாளர்களே இழுத்துத்தான் பேசுகிறார்கள்.

டென்மார்க்கில் நடந்த ஒரு சோதனை இன்னும் சங்கடமானது. 206 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் பயிற்சியும் பாடமும். மறு பாதிக்கு மூட்டுக்குள் வெறும் உப்புநீர் ஊசி. அது உப்புநீர்தான், மருந்து எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொல்லியே போட்டார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது! அப்படியானால் பயிற்சியால் கிடைக்கும் நிவாரணத்தில் ஒரு பங்கு கவனிப்பாலும் எதிர்பார்ப்பாலும் நாள்போக்காலும் வருகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ எதற்கு வியர்க்க வேண்டும்" என்று தோன்றுவது இயல்பு. என் பதில் இதுதான். மேலே சொன்னது சராசரிக் கணக்கு. 31 சோதனைகளில் பங்கெடுத்த 4,000-க்கும் மேற்பட்டவர்களின் தனித்தனித் தகவலை ஒன்றுசேர்த்து 2023-ல் பார்த்தபோது, தொடக்கத்தில் வலி அதிகமாகவும் நடமாட்டம் மோசமாகவும் இருந்தவர்களே கூடுதலாகப் பயன் பெற்றிருந்தார்கள். "எனக்கு ரொம்ப முற்றிவிட்டது, இனி பயிற்சி என்ன செய்யும்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டியில் இருக்கும் மாத்திரைகளின் சராசரிப் பலனும் இதைவிடப் பெரிதாக இல்லை; அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் வேறு பதம்பார்க்கும். முழங்காலுக்காக நடந்தாலும் அந்த நடை இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் சேர்ந்தே உதவும். உப்புநீருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எடையா, நடையா?

பிசியோதெரபிஸ்டிடம் போனால் பெரும்பாலும் தசை வலுப்படுத்தும் பயிற்சியில்தான் தொடங்குவார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படுத்தபடி காலை நீட்டித் தூக்குவது, சிறு படியில் ஏறி இறங்குவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் விரிப்பது, குதிகாலைத் தூக்குவது என்று அந்த வரிசை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தொடைத் தசை மட்டுமல்ல, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளும் கணக்கில் வரவேண்டும். நடக்கும்போது கால் உள்பக்கம் சாயாமல் பிடிப்பது அவைதான்.

எடை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் ஜிம் ஆட்களுக்கும் மற்றவர்களுக்கும் சண்டை. இதற்கு நல்லதொரு பதில் அமெரிக்காவில் நடந்த 377 பேர் சோதனையில் இருக்கிறது. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 75 முதல் 90 சதவீதம் வரை ஒரு குழுவுக்கு. 30 முதல் 40 சதவீதம் இன்னொரு குழுவுக்கு. மூன்றாம் குழுவுக்கு உடல்நலப் பேச்சும் கூடிப் பழகுதலும் மட்டும். ஒன்றரை வருடம் கழித்து முழங்கால் வலியில் கடும் எடைக் குழு மற்ற இரண்டையும் மிஞ்சவில்லை. 2021-ல் இது வெளிவந்தபோது வலுப் பயிற்சியில் தீவிர நம்பிக்கை வைத்திருந்த பலருக்கும் ஏமாற்றம். கனமான எடை தூக்கப் பிடித்தவர் தாராளமாகத் தூக்கலாம், அதனால் வயதானவரின் எலும்பும் தசையும் பயன்பெறும். முழங்கால் வலிக்காக மட்டும் என்றால் அவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. ஒரு எலாஸ்டிக் பட்டையும் உறுதியான ஒரு நாற்காலியும் போதும். கடைசி இரண்டு மூன்று முறை செய்யும்போது சிரமமாக இருந்தால் சரியான அளவுதான்.

நடை பற்றிய பழைய, நல்ல சோதனை 1997-ல் வெளியானது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 439 பேரில் ஒரு குழு நடந்தது, ஒரு குழு எடை தூக்கியது, ஒரு குழு உடல்நலப் பாடம் கேட்டது. 18 மாதம் கழித்து நடந்தவர்களும் தூக்கியவர்களும் பாடம் கேட்டவர்களைவிடச் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. 2025-ல் இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளை வலைபோல இணைத்துப் பார்த்த ஓர் அலசல் நடை, சைக்கிள், நீச்சல் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சிகளுக்கு முதலிடம் தந்தது. செய்திகளில் "நடையே சிறந்தது" என்று தலைப்பிட்டார்கள். அப்படி ஒரே அடியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். இப்படிப்பட்ட வரிசைப்படுத்தலில் நேருக்கு நேர் மோதாத இரண்டு பயிற்சிகளும் மூன்றாவது ஒன்றின் வழியாக ஒப்பிடப்படுகின்றன. நேரடியாக மோதவிட்டபோது வித்தியாசம் மங்கலாகத்தான் இருக்கிறது.

ஆனால் நடைக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு: கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு தனிக் குறையும் உண்டு. வீக்கம் இருக்கும் முழங்கால், அல்லது ஐந்து நிமிடத்திலேயே நொண்ட வைக்கும் முழங்கால், நடையை ஏற்காது. அந்த நிலையில் நடைதான் என்று பிடிவாதம் பிடிப்பது வலியை வளர்க்கும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தூரத்தைத் துண்டு போடுவது. அரை மணி ஒரே மூச்சில் நடப்பதற்குப் பதில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. இரண்டு, கைத்தடி. தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடித்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திச் சொல்லத் தோன்றும்.

சைக்கிள், குறிப்பாக வீட்டுக்குள் நிற்கும் ஸ்டேஷனரி சைக்கிள், நடையை ஏற்காத முழங்காலுக்கு நல்ல மாற்று. உடல் எடை இருக்கையில் போய்விடுகிறது, மூட்டு மட்டும் மடங்கி நீள்கிறது. இருக்கையைத் தாழ்வாக வைத்தால் காரியம் கெட்டுவிடும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நீண்டு, லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். முன்பக்கம், சிரட்டை எலும்புக்கு அடியில் வலிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். ஆழமாக மடக்கும் எல்லா அசைவும், படி இறங்குவது உட்பட, அந்த இடத்தில்தான் அழுத்தத்தைக் கூட்டும். அவர்கள் ஸ்குவாட் (நின்றபடி முழங்காலை மடக்கி இறங்கி எழுவது) செய்தாலும் கால்வாசி ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, தசை வலுத்த பிறகு மெல்ல ஆழம் கூட்டலாம்.

நீர், தை சி, யோகா

நீருக்குள் செய்யும் பயிற்சியின் தர்க்கம் எளிது. இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறத்தாழப் பாதிதான் காலில் இறங்கும்; மார்பளவுக்குப் போனால் இன்னும் குறைவு. 2016-ல் 13 சோதனைகளை அலசியதில் வலி 100-க்கு 5 புள்ளி அளவே குறைந்தது, அதுவும் குறுகிய காலத்துக்கு. உடல் எடை மிக அதிகமானவர்களுக்கும், இரண்டு முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வலிப்பவர்களுக்கும் இது நல்ல தொடக்கம். அங்கேயே தங்கிவிடக் கூடாது. படி ஏறுவது நிலத்தில்தான், அதற்கான வலுவும் நிலத்தில்தான் வரும்.

தை சி பலருக்குப் புதிதாக இருக்கலாம். மெதுவாக, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே செய்யும் சீன மரபு அசைவுகள். பாஸ்டனில் 204 பேரிடம் 12 வாரம் தை சியையும் முறையான பிசியோதெரபியையும் ஒப்பிட்டதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. மனச்சோர்வு குறைவதில் தை சி சற்று முந்தியது. யோகாவை வலுப் பயிற்சியோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-ல் வெளியான சோதனையிலும் யோகா பின்தங்கவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவர்களுக்கும், எண்ணிக்கை வைத்துச் செய்யும் பயிற்சி சலிப்பவர்களுக்கும் இவை நன்றாகப் பொருந்தும். யோகாவில் ஒரு எச்சரிக்கை: வஜ்ராசனம் போல முழங்காலை முழுக்க மடக்கி எடையை அதன்மேல் வைக்கும் ஆசனங்களை விட்டுவிடச் சொல்லும் ஆசிரியர் வேண்டும். எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து "முடிந்தவரை மடக்குங்கள்" என்பவரிடம் தேய்ந்த முழங்காலோடு போக வேண்டாம்.

எவ்வளவு நேரம்?

இங்கேதான் ஆய்வுகள் நமக்குச் சாதகமாகப் பேசுகின்றன. ஸ்வீடனிலும் நார்வேயிலும் 189 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 11 பயிற்சிகள், ஒவ்வொரு முறையும் 70 முதல் 90 நிமிடம். மறு பிரிவுக்கு 5 பயிற்சிகள், 20 முதல் 30 நிமிடம். வாரம் மூன்று முறை, 12 வாரம். இரு பிரிவும் தேறின; நீண்ட நேரம் செய்தவர்களுக்கு விளையாட்டு போன்ற கடினமான செயல்பாடுகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் மட்டும் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம். டென்மார்க்கில் இன்னொரு குழுவினர் தொடைத் தசைக்கு ஒரே ஒரு பயிற்சியைக் கொடுத்து, வாரம் 2, 4, 6 முறை என்று மூன்று அளவில் செய்ய வைத்தார்கள். தசை வலுவில் ஆறு முறை செய்தவர்கள் இரண்டு முறை செய்தவர்களை முந்தவில்லை.

இதை வைத்துப் பார்த்தால், நேரமில்லை என்பவருக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, அரை மணி போதும். அதற்கு மேல் செய்ய ஆசைப்படுபவர்கள் செய்யலாம்; கட்டாயமில்லை. தினமும் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டு இரண்டாவது வாரமே தோற்றுப்போவதற்கு இது எவ்வளவோ மேல்.

யார் முன்னால்?

கிளினிக், குழு, வீடு, வீடியோ. நான்கில் எது என்பதில் பணமும் நேரமும் கலந்திருப்பதால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கிளினிக்கில் கைச்சிகிச்சையோடு பயிற்சி பெற்றவர்களையும் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களையும் 2005-ல் ஒப்பிட்டார்கள். நான்கு வாரத்தில் கிளினிக் குழுவின் முன்னேற்றம் ஏறத்தாழ இரட்டிப்பு. ஒரு வருடம் கழித்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. முன்னாள் ராணுவத்தினர் 320 பேரிடம் தனிநபர் பிசியோதெரபியையும் குழு வகுப்பையும் ஒப்பிட்டபோது குழு பின்தங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 394 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான சோதனையில் வீடியோ அழைப்பில் பிசியோதெரபிஸ்டைச் சந்தித்தவர்களும் நேரில் போனவர்களும் ஒரே அளவு தேறினார்கள். அதற்கு மூன்று மாதத்தில் ஐந்து சந்திப்புதான் தேவைப்பட்டது.

ஆக, வாரம் மூன்று நாள் கிளினிக்குக்கு ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருமே பார்க்காமல் செய்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து சந்திப்பு என்பது நல்ல நடுவழி. முதல் சந்திப்பில் எந்த அசைவு வலிக்கிறது என்று கண்டுபிடித்து அளவு குறிப்பார்கள். இரண்டாவதில் தப்பாகச் செய்வதைத் திருத்துவார்கள். மற்றவை எடை கூட்டவும், சோர்ந்துபோகும் நேரத்தில் தட்டிக்கொடுக்கவும். பார்க்கப்போனால் அந்தத் தட்டிக்கொடுத்தல்தான் மருந்தின் பாதி.

குழு வகுப்பு கிடைக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு அதுவே என் முதல் பரிந்துரை. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய கிளாட் திட்டத்தின் அமைப்பைப் பாருங்கள்: இரண்டு பாட வகுப்பு, ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான். பிரிட்டனின் எஸ்கேப்-பெயின் திட்டமும் ஏறக்குறைய இதே அளவு. பக்கத்தில் இருப்பவர் முனகிக்கொண்டே செய்வதைப் பார்க்கும்போது நம் முனகலுக்கு வெட்கம் போய்விடுகிறது.

வெறும் மசாஜும் கரண்ட் வைப்பதும் மட்டுமே செய்து அனுப்பும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. படுக்க வைத்து மெஷின் மாட்டி அரை மணியில் அனுப்பிவிட்டால், அன்று இதமாக இருக்கலாம், ஆனால் உங்கள் தசை எந்த வேலையும் செய்யவில்லை. நைஸ் வழிகாட்டுதல் கரண்ட் வைக்கும் சிகிச்சைகளைப் பரிந்துரைக்கவில்லை. மூன்று சந்திப்பு போன பிறகும் வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடத் தரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

வலித்தால் நிறுத்துவதா?

எல்லா வகைக்கும் பொதுவான, பிசியோதெரபிஸ்டுகள் பலர் பின்பற்றும் ஒரு அளவுகோல் உண்டு. 0 முதல் 10 வரை வலியை மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போனால் பரவாயில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாளும் அதிகமாகவே இருந்தால் அடுத்த முறை எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள், பயிற்சியையே நிறுத்தாதீர்கள். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மூட்டு திடீரென்று சூடாகிச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கூட வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனாலோ, அது பயிற்சியின் வலி அல்ல. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

முன்னேற்றத்தை அளக்க வலியை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஆய்வாளர்களும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடி வலி அப்படியே இருந்தாலும் விஷயம் நகர்கிறது என்று அர்த்தம்.

எடை குறைப்பு, ஊசி, அறுவை

உடல் எடை அதிகமாக இருப்பவருக்குப் பயிற்சி மட்டும் என்பது அரைகுறைத் தேர்வு. அமெரிக்காவில் அதிக எடை கொண்ட 454 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான சோதனையில் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 18 மாதத்தில் இழந்தது தங்கள் எடையில் 2 சதவீதம்தான். உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தவர்கள் 11.4 சதவீதம் இழந்தார்கள், வலியும் அவர்களுக்கே அதிகம் குறைந்தது. அதே ஆய்வாளர்களின் முந்தைய கணக்குப்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. உடல் எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி போட்ட பருமனானவர்களுக்கு 68 வாரத்தில் முழங்கால் வலி கணிசமாகக் குறைந்ததை 2024-ல் ஒரு பெரிய சோதனை காட்டியது. அதில் ஊசி போட்டவர்கள், போலி ஊசி போட்டவர்கள் இருவருக்குமே உணவு, உடலுழைப்பு ஆலோசனையும் உண்டு.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி உடனே இதம் தரும். அதனாலேயே மனம் அதை நாடும். 156 பேரிடம் ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையில் ஒரு வருடம் கழித்து பிசியோதெரபி தெளிவாக முந்தியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்ட இன்னொரு சோதனையில் வலி உப்புநீரைவிடக் குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஆகவே ஊசிக்கு ஒரே ஒரு இடம்தான் நான் கொடுப்பேன்: பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவு வலிக்கும்போது, தொடங்குவதற்கான சில வார அவகாசத்துக்கு. ஊசி போட்டுவிட்டு அந்த அவகாசத்தில் உட்கார்ந்திருந்தால் போட்டும் பயனில்லை.

ஆர்த்ராஸ்கோபி வழியாக, அதாவது சிறு துளையில் கேமராக் குழாயை விட்டு, மூட்டைக் "கழுவிச் சுத்தம் செய்வது" பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. 2002-ல் ஹூஸ்டனில் 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்தும் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் அவர்களைவிட மேலாக இல்லை. தேய்மானத்துக்காக மட்டும் யாராவது இதைச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

மூட்டு மாற்று அறுவை வேறு கதை. அது பயிற்சியைவிட வலியை அதிகம் குறைக்கும், சந்தேகமே இல்லை. டென்மார்க்கில் தகுதியான 100 பேரில் ஒரு பாதிக்கு அறுவையும் அதன்பின் 12 வாரப் பயிற்சித் திட்டமும், மறு பாதிக்கு அந்தத் திட்டம் மட்டும் என்று பிரித்தார்கள். வலி, நடமாட்டம் முதலியவற்றை 0 முதல் 100 வரை அளக்கும் மதிப்பெண்ணில் ஒரு வருடத்தில் அறுவைக் குழு 32.5 புள்ளி ஏறியது, மற்றக் குழு 16. தீவிரப் பாதிப்புகளும் அறுவைக் குழுவில்தான் அதிகம்: 24-க்கு 6. அறுவை இல்லாத குழுவில் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 26 சதவீதம். இரவில் எழுப்பிவிடும் வலி, நடக்கும் தூரம் மாதத்துக்கு மாதம் சுருங்குவது, முறையாக மூன்று மாதம் செய்தும் நாற்காலி எண்ணிக்கை அசையாதது, இவை சேர்ந்திருந்தால் அறுவையைத் தள்ளிப்போட நான் வாதாட மாட்டேன். அப்போதும் முன்னும் பின்னும் தசைக்கு வேலை உண்டு.

அந்த மூன்று மாதத்தைச் செய்யாமலே தேதி குறிப்பதைப் பற்றித்தான் எனக்கு ஆட்சேபணை. வாரம் 2, 4, 6 முறை என்று தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்த அந்த டென்மார்க் சோதனையில் இருந்த 140 பேரும் மூட்டு மாற்றுக்குத் தகுதியானவர்கள் என்று கருதப்பட்டவர்கள். 12 வாரம் முடிந்து மறுபடி டாக்டரோடு உட்கார்ந்து பேசியபோது அறுவைக்குப் போனவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான்.